நூற்று இருபத்தோராம் நாள்

சுதுரோய் தீவுக்கு இன்று படகு இல்லை.
காற்று இப்படி அடித்தால்
துறையில் சங்கிலி போட்டுவிடுவார்கள்.
தோர்ஸ்ஹவ்னில், மூன்றாம் மாடியில்,
ஆறிப்போன காபியோடு நான்.
கடலுக்கு அந்தப் பக்கம் வாகுர் ஊரில்
பதினொரு டன் சால்மன்
பனிக்கட்டிமேல் படுத்திருக்கிறது, விலாசம் இல்லாமல்.

பெர்க்தோரா தொலைபேசியில் வாசிக்கிறாள்
திரையில் வந்ததை, பள்ளிக்கூடத்துக் குரலில்:
"உரிமம் வழங்க உரிமச் சேவையகம் எதுவும் இல்லை.
நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."
கொஞ்சம் பொறுத்து,
"தொடர்புகொண்டுவிட்டேன். அது நீதானே?"

நான்தான்.
நான்கு வாரமாக நான்.
அதற்கு முன் ஹானுஸ்.

பெயரைச் சொன்னால் முகவரி வருகிறதா? வருகிறது.
பிங் போய்த் திரும்புகிறதா? திரும்புகிறது.
மூவாயிரத்து முன்னூற்று எண்பத்தொன்பதாம் வாசல்
திறந்துதான் கிடக்கிறது.
திறந்த வாசலில் நின்றுகொண்டுதான்
போ என்கிறது.
கேபிள் அறுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.
அறுந்ததை ஒட்டலாம்.
இது எண்ணி முடித்தது.

சலுகைக் காலம் நூற்று இருபது நாள்.
அத்தனை நாளும் நிர்வாகியின் திரை மூலையில்
ஒரு குமிழ் எழுந்து
மீதியைச் சொல்லிவிட்டு மறைந்திருக்கும்.
கடைசி இருபத்தெட்டு குமிழ்கள் என் கணக்கில்.
நான் ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை.
எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.
ஓடுகிற ஒன்றை யார் எட்டிப் பார்ப்பது?

குறுக்குவழி ஒன்று எனக்குத் தெரியும்.
பதிவேட்டின் அடியில் ஒரு சாவியை அழித்தால்
மறுபடி நூற்று இருபது.
கடன்காரன் வருகிற நாளை
நாட்காட்டியிலிருந்து கிழிப்பதுபோல.
கை ஒருதரம் அங்கே போய்த் திரும்பியது.

நிர்வாகிகளுக்கு ஒரு பின்வாசல் உண்டு.
உரிமம் கேட்காது. ஒரே சமயத்தில் இருவர்.
எல்லாரும் பயன்படுத்தும் அந்த ஒரே பெயரைத் தட்டினேன்,
எல்லாருக்கும் தெரிந்த ரகசியச் சொல்லையும்.
வெறுந்திரை வரும் என்று நினைத்தேன்.
வந்தது ஹானுஸின் திரை.

வெளியேறாமலே போயிருக்கிறான்.
முதலாளியோடு சண்டை போட்ட அன்று
ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு.
உள்ளே விளக்கு எரிந்தபடியே:
பாதியில் நிற்கும் சீட்டாட்டம்,
விற்பனைக்கு ஒரு பழைய மோட்டார் படகு,
சேமிக்காத குறிப்பில் மூன்று வரி.

உரிமம் பத்து. வாங்கியாச்சு. ஏற்றியாச்சு.
ஆளுக்கு ஒன்றா, பெட்டிக்கு ஒன்றா என்று
சேவையகத்துக்கு இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமை அவன் வரவில்லை.
எது வாங்கினான் என்றும் எழுதவில்லை, படுபாவி.

"பெர்க்தோரா, அங்கே எத்தனை பெட்டி?"
"ஐந்நூற்று ஐம்பது."
"மீன் பெட்டி இல்லை. கணினி."
"ஓ. ஒன்பது."
"ஆட்கள்?"
மூச்சுவிட்டாள். "இரவு வேலைக்காரர்களையும் சேர்த்தா?
ரொமேனியாவிலிருந்து வந்தவர்கள் போனவாரம் நாலு பேர்,
ஆர்ன்ஃபின்னுர் பாதி நாள்தான் வருவான்,
அவனை எப்படி எண்ணுவது?"

ஆள் எண்ணிக்கைக்குள் அடங்கமாட்டான்.
பெட்டி அடங்கும்.
ஹானுஸும் இங்கேதான் வந்து நின்றிருப்பான்.
உரிமப் பட்டியலைத் திறந்தேன்:
பெட்டிக்கு ஒன்று, பத்து, எதுவும் தொடப்படாமல்.
பத்தாவது எதற்கு?
அவன் கணினிக்கா?

வகையைச் சொன்னேன். சேவையகத்தின் பெயரைச் சொன்னேன்,
அது தன்னையே தனக்கு அறிமுகப்படுத்திக்கொண்டது.
"இப்போது பார்."
ஒன்று. இரண்டு. ஐந்தாவது கொஞ்சம் திணறியது.
அச்சுப்பொறி கிறீச்சிடும் சத்தம் கடலைத் தாண்டி வந்தது.

ஐந்நூற்று ஐம்பது பெட்டிக்கும் விலாசம் கிடைத்துவிட்டது.
படகு இல்லை.
"தெரியும்," என்றாள். "ஆனாலும் ஒட்டிவைக்கிறோம்."

குறிப்பைச் சேமித்தேன், அவன் பெயரிலேயே.
போகுமுன்
சிவப்பு ஒன்பதைக் கறுப்புப் பத்தின்மேல் நகர்த்தினேன்.
கவனிக்காமல் விட்டிருந்தான்.
பிறகு முறைப்படி வெளியேறினேன்,
இரண்டு பேருக்குமாக.